புடவைப் போர்வை முதல் சலவையிலேயே பாழாவது ஏன்? தைக்கும்போது நடக்கும் தவறுகளும் தப்பிக்கும் வழிகளும்

மார்கழி, தை மாதங்களில் கல்வராயன் மலையில் வெயில் மறைந்ததுமே குளிர் இறங்கிவிடும். கீழே கள்ளக்குறிச்சி டவுனில் ஒரு மெல்லிய போர்வை போதும் என்றால், மேலே வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் அது பத்தாது. காரணம் உயரம்தான். சின்னக் கல்வராயன் பகுதி சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், மலையும் சமவெளியும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. பழங்குடியினரான மலையாளி மக்கள் வாழும் மலைப்பகுதி இது. (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையில் வாழ்வதால் வந்த பெயர்.)

கடையில் விற்கும் தடிமனான போர்வை வாங்கலாம். ஆனால் பீரோவில் பத்து பழைய புடவை சும்மா கிடக்கிறது, வீட்டில் தையல் மெஷினும் இருக்கிறது என்றால் 'நாமே தைத்துவிடலாமே' என்று தோன்றும். தைக்கவும் தைக்கலாம். தைத்த அன்றைக்கு அழகாகவும் இருக்கும். முதல் தடவை துவைத்து எடுக்கும்போதுதான் சிவப்பு வெள்ளையில் இறங்கியிருக்கும், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், உள்ளே பஞ்சு மூலைக்கு ஓடியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? எதைச் சரி செய்யலாம், எதைச் செய்யவே முடியாது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன போர்வை?

ஆங்கிலத்தில் 'குயில்ட்' என்று சொல்வதற்குத் தமிழில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே சொல் இல்லை. கடைகளில் 'ரஜாய்' என்பார்கள். வீடுகளில் பஞ்சுப் போர்வை, ஒட்டுப் போர்வை, புடவைப் போர்வை என்று பேச்சுவாக்கில் பல பெயர்கள். கம்பளி வேறு, பவானி ஜமக்காளம் வேறு. அவை தறியில் நெய்யப்படுபவை. குயில்ட் என்பது தைக்கப்படுவது.

மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத்துணிகளை இணைத்துச் செய்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. இந்த மூன்றும் நகராமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாக ஒரு தையல். வெதுவெதுப்பைக் கொடுப்பது துணியைவிட நடுவில் சிக்கி நிற்கும் காற்றுதான். அதனால் பஞ்சு நகர்ந்துவிட்டால் அந்த இடத்தில் வெறும் இரண்டு துணிதான் மிச்சம்.

பஞ்சே இல்லாமல், நாலைந்து பழைய புடவையை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஓட்டுத் தையல் போடுவதும் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் தரையில் விரிக்கவும், பிள்ளைக்குப் போடவும் பாட்டிமார் செய்தது இதுதான். பீகாரின் சுஜனி, வங்காளத்தின் காந்தா இரண்டும் இதே வழியில் வந்த வேலைகள்தான். அவை இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினைகள். நம் பாட்டிமாரின் போர்வைக்கு நிலையான ஒரு பெயர்கூட இல்லை என்பது தனிக்கதை.

தவறு நடக்கும் நாள் வேறு, தெரியும் நாள் வேறு

சட்டை தைக்கும்போது கை நீளம் தப்பினால் போட்டுப் பார்த்த உடனே தெரிந்துவிடும். போர்வையில் அப்படி இல்லை. பெரும்பாலான தவறுகள் ஊசியில் நூல் கோர்ப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். துணியைத் துவைக்காமல் வெட்டியது, சாயத்தைச் சோதிக்காமல் விட்டது, தப்பான பஞ்சு வாங்கியது. இவை எல்லாமே தைக்கிற இரண்டு மூன்று வாரமும் அமைதியாக இருக்கும். தண்ணீர் பட்டதும் வெளியே வரும். அதற்குள் துணி வெட்டியாச்சு, மூன்று அடுக்கும் சேர்ந்தாச்சு.

இது வீட்டுத் தையலில் மட்டும் நடப்பது இல்லை. உலக அளவில் பேசப்பட்ட ஒரு சம்பவம், சென்னையின் பெயரைத் தாங்கியே இருக்கிறது.

'சாயம் போகும், கேரண்டி!': மெட்ராஸ் துணியின் கதை

மெட்ராஸ் செக்ஸ் என்று உலகம் அழைக்கும் கட்டம் போட்ட பருத்தித் துணி. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், இந்தத் துணியை சி.பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து வாங்கினார். (பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர் இவர்தான்.) ஆயிரக்கணக்கான கஜம் துணி, நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது.

துணியைக் குளிர்ந்த தண்ணீரில், மெதுவாகத்தான் துவைக்க வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பியதாகவும், அந்தத் தகவல் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் போய்ச் சேரவே இல்லை என்றும் சொல்லப்படுகிறது. வாங்கியவர்கள் வழக்கம்போல வாஷிங் மெஷினில் போட்டார்கள். சாயம் ஓடியது. கூடவே போட்ட மற்ற துணிகளும் கெட்டன. வழக்கறிஞர் நோட்டீஸ் வரை பேச்சு போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். குறையை மறைக்காமல் அதையே விளம்பரமாக்கினார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிதாகத் தெரியும் துணி, 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்று சொல்லி விற்றார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரே ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது.

சட்டைக்கு இந்தத் தந்திரம் பலித்தது. போர்வைக்குப் பலிக்காது. சட்டை ஒரே துணி, நிறம் மங்கினாலும் எல்லா இடத்திலும் ஒன்றாக மங்கும். போர்வையில் அரக்குச் சிவப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளை வேட்டித் துண்டு இருக்கும்.

சாயம் ஏன் ஓடுகிறது?

பருத்தித் துணிக்கு இன்று அதிகம் பயன்படும் சாயம், நூலோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்ளும் வகை. ஆனால் போட்ட சாயம் முழுவதும் பிணைவதில்லை. பிணையாத மிச்சத்தைத் தொழிற்சாலையிலேயே பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். அலசல் குறைந்தால் அந்த மிச்சம் உங்கள் வாளியில் வரும். நூலோடு இறுகப் பிணையாமல் ஒட்டி மட்டும் நிற்கும் மலிவான சாயங்களும் உண்டு. அவை எத்தனை முறை அலசினாலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

சோதனை ரொம்ப சுலபம். துணியின் ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்து, சூடான அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளிவாகும் வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். ஐந்தாறு முறைக்குப் பிறகும் நிறம் வந்துகொண்டே இருந்தால் அதைப் போர்வையில் சேர்க்காதீர்கள். பாவாடை தைக்கலாம், பை தைக்கலாம்.

கல் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் 'பிடித்துக்கொள்ளும்' என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் அறிவுரை. சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மைதான். ஆனால் அது சாயம் ஏற்றும் நேரத்தில், தண்ணீரில் இருக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்கு. ஏற்கெனவே சாயம் ஏற்றி, கடைக்கு வந்து, வீட்டுக்கும் வந்துவிட்ட துணியில் உப்பு எதையும் புதிதாகப் பிணைக்காது. வினிகரும் பருத்தியில் அப்படியேதான். உப்பு போட்ட பிறகு சாயம் நின்றது என்றால், பெரும்பாலும் அந்த அலசலால் நின்றது.

இயற்கைச் சாயம் என்றால் பயமில்லை என்று நினைப்பதும் தப்பு. மஞ்சள் வெயிலில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். துணியில் சாயத்தை நிறுத்தக் காலங்காலமாகப் பயன்படும் பொருள்களில் ஒன்று கடுக்காய், கல்வராயன் மலையில் மக்கள் சேகரித்து விற்கும் அதே கடுக்காய்தான். கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் நல்ல கறுப்பு கிடைக்கும். ஆனால் அந்த இரும்பு வருடக்கணக்கில் நூலை அரிக்கும். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போர்வைகளில் மற்ற நிறத் துண்டுகள் நன்றாக இருக்க, இரும்பு சேர்த்துச் சாயமேற்றிய பழுப்பு, கறுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம். தைத்தவருக்குக் கடைசி வரை தெரியாமலே போன தவறு அது.

சாயம் இறங்கிவிட்டது, இப்போ என்ன செய்வது?

பதறிப்போய் வெயிலில் காயப் போடாதீர்கள். அயர்ன் பண்ணவும் கூடாது. காய்ந்துவிட்டால் இறங்கிய சாயத்தை எடுப்பது கஷ்டம்.

ஈரமாக இருக்கும்போதே, போர்வை தாராளமாக மூழ்கும் அளவுக்குப் பெரிய பாத்திரத்தில் நல்ல சூடான தண்ணீர் விட்டு, துவைக்கும் லிக்விட் கலந்து, முழுவதும் அமுக்கி, சுமார் 12 மணி நேரம் ஊற விடவும். துணியில் போய் ஒட்டிய சாயம் தளர்ந்து தண்ணீருக்கு வரும், லிக்விட் அதை மறுபடி துணியில் ஒட்டவிடாது. தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி அதே வேலை. மூன்று நான்கு தடவைகூட ஆகலாம். தண்ணீர் குறைவாக இருந்தால் பலன் இருக்காது, சிக்கனம் பார்க்காதீர்கள்.

இது முழுக்கப் பருத்தித் துணியும், நிற்கும் பஞ்சும் உள்ள போர்வைக்கு மட்டும். பட்டு கலந்திருந்தாலோ, உள்ளே இலவம் பஞ்சு இருந்தாலோ இந்த வழி கிடையாது. பிளீச் ஊற்றினால் ஓடிய சாயத்தோடு ஓடாத சாயமும் போய்விடும்.

பழைய புடவையும் புதுத் துணியும்

ஒருபோதும் நனையாத பருத்தித் துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். 90 இன்ச் நீளத்தில் 4 சதவீதம் என்றால் மூன்றரை இன்ச்சுக்கும் மேலே. கைத்தறித் துணி இன்னும் கொஞ்சம் சுருங்கலாம்.

எல்லாத் துணியும் ஒரே அளவில் சுருங்கினால் போர்வை சிறிதாகும், அவ்வளவுதான். சிக்கல் கலவையில். இருபது வருடம் கட்டிய புடவை சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் நேற்று வாங்கிய காடாத் துணியை வைத்துத் தைத்தால், முதல் சலவையில் காடா மட்டும் உள்ளே இழுக்கும், புடவைத் துண்டு உப்பிக்கொண்டு நிற்கும். அடித்துணியைப் புதிதாக வாங்கி, துவைக்காமல் போடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. மேலே அத்தனை கவனமாகச் செய்துவிட்டு, அடியில்தானே என்று விட்டுவிடுவது.

நூலுக்கும் இது பொருந்தும். பழைய புடவை மென்மை, அதை முரட்டு பாலியெஸ்டர் நூலால் இறுக்கித் தைத்தால், இழுபடும்போது நூல் அறுவதற்குப் பதில் துணி கிழியும். தையல் விட்டால் மறுபடி தைக்கலாம், துணி கிழிந்தால் ஒட்டுதான் போட வேண்டும்.

அம்மாவின் புடவையை வெட்டும் முன்

தவறுகளிலேயே திரும்ப எடுக்க முடியாதது கத்தரி வைப்பது. இறந்துபோன அம்மாவின், பாட்டியின் புடவைகளைச் சேர்த்துப் போர்வை தைக்க நினைப்பவர்கள் பலர். துணி மறுபடி கிடைக்காது என்பதால், இதில் ஒரு நாள் தாமதிப்பது நல்லது.

புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. இடுப்பில் செருகும் பகுதியும், தரையில் உரசும் கீழ் ஓரமும் நைந்திருக்கும். முந்தானை பெரும்பாலும் நன்றாக இருக்கும். வலை மாதிரி வெளிச்சம் தெரியும் இடத்தை வெட்டித் தைத்தால் ஆறு மாதம்கூடத் தாங்காது. அந்தத் துணி வேண்டும்தான் என்றால், பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்து இரண்டையும் ஒன்றாக வெட்ட வேண்டும்.

பட்டில் மடிப்பு விழுந்த கோடுகளைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்த பட்டு அந்தக் கோட்டிலேயே கீறும். ஜரிகை பருத்தியை உரசி அறுக்கும், தோலிலும் குத்தும். அதனால் பட்டும் ஜரிகையும் சுவரில் மாட்டும் வேலைக்குச் சரி, தினம் போர்த்த வேண்டாம். பாலியெஸ்டர் புடவை என்றால் வேறு கவனம். பருத்திக்கு வைக்கும் சூட்டில் அயர்ன் பாக்ஸ் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். புடவை எந்த நூல் என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் சுருண்டு கடினமான மணியாகும்.

வெட்டுவதற்கு முன் முழுப் புடவையை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. இது தையல் யோசனை இல்லை. ஆனால் பிறகு கேட்பார்கள்.

பஞ்சில் ஏமாறுவது எப்படி?

இலவம் பஞ்சு, பருத்திப் பஞ்சு, கடைகளில் 'ரெக்ரான்' என்று பொதுவாகச் சொல்லும் பாலியெஸ்டர் பஞ்சு என மூன்றுதான் நம் ஊரில் அதிகம் கிடைப்பவை. தலையணைக்கு எது நல்லதோ அதுவே போர்வைக்கும் நல்லது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

இலவம் பஞ்சு என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். 'இலவு காத்த கிளி' காத்திருந்து ஏமாந்ததும் இந்த மரத்தில்தான். பழம் பழுக்கும் என்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சு பறந்துவிடும். இந்தப் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே குழாய் மாதிரி வெற்றாக, காற்று நிரம்பி இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு. அதனால் எடை குறைவு, தண்ணீரில் மிதக்கும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள்.

ஆனால் அதே மெழுகு வழவழப்பால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. மெத்தையில் கனத்த உறைக்குள் அழுத்தி அடைக்கும்போது அது பிரச்சினை இல்லை. பழைய புடவை போன்ற தளர்ந்த நெசவுக்குள் வைத்தால் ஊசி போன ஓட்டை வழியாகக்கூடப் பஞ்சு வெளியே வரும். நாளாக நாளாகப் பொடியும், துவைத்தால் உருண்டை கட்டும். இலவம் பஞ்சுப் போர்வை தைக்கத்தான் வேண்டும் என்றால் உள்ளே நெருக்கமான நெசவில் ஒரு உறை தனியாக வேண்டும். வெயிலில் காயப் போடலாம், வாளியில் முக்கக் கூடாது.

உதிரியான பருத்திப் பஞ்சும் அப்படித்தான். அடித்து, பரப்பி, நெருக்கமாகத் தைத்தால் வெதுவெதுப்புக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் துவைத்தால் திரளும். சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சு அடித்துப் போடுவது இதனால்தான். துவைக்கக்கூடிய போர்வை வேண்டும் என்றால் விரிப்பாக, பாய் மாதிரி சுருட்டி விற்கும் பஞ்சுதான் சரி. அதிலும் பருத்தி என்றால் ஒரு தையல் வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பது நல்லது. பாலியெஸ்டர் விரிப்பு கொஞ்சம் அதிக இடைவெளியைத் தாங்கும், மழைக்காலத்தில் சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் நாள் கணக்காக மூடுபனி இருந்தால் பருத்திப் போர்வை காயாமல் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர்தானே?

ஒரு வரிசையில் 12 சதுரம். நடுவே 11 இணைப்பு. ஒவ்வொரு துணியிலும் தையலுக்கு விடும் அளவு 1 மில்லிமீட்டர் கூடிப்போனால் ஒரு இணைப்புக்கு 2 மில்லிமீட்டர் போகும். 11 இணைப்புக்கு 22 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு இன்ச். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் ஒட்டாது. இழுத்துப் பிடித்து ஒட்ட வைத்தால் போர்வை நெளியும். மெஷின் பிளேட்டில் கால் இன்ச் தூரத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு, துணி ஓரத்தை அதிலேயே உரசி ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். முதல் வரிசை முடிந்ததும் அளந்து பார்ப்பது முக்கியம். பத்தாவது வரிசையில் அளந்து பயனில்லை.

மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி மடிந்து, அந்த மடிப்பின் மேலேயே தையல் ஓடிவிடும். அடிப்பக்கம் என்பதால் கடைசியில் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். முதலில் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுவிட்டால் இது நடக்காது.

விரலில் ஊசி ஏறிவிட்டால்

மூன்று அடுக்கை மெஷினில் தள்ளும்போது விரல் ஊசிக்கு அருகில் போவது சகஜம். மெல்லிய ஊசியைப் போட்டு, தடித்த துணியை இழுத்துத் தைத்தால் ஊசி வளைந்து உடையும். தடிமனான அடுக்குக்கு 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி போட்டு, துணியை இழுக்காமல் மெஷின் நகர்த்தும் வேகத்திலேயே விட வேண்டும்.

ஊசி விரலுக்குள் போய்விட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உடைந்த ஊசியின் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தால் அது விரலுக்குள் இருக்கலாம். ஊக்கால் குத்தி எடுக்க முயற்சி செய்ய வேண்டாம், இன்னும் உள்ளே தள்ளிவிடும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, எக்ஸ்ரே தேவையா, டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். நகத்தைத் துளைத்திருந்தாலும், இரண்டு நாளில் வீங்கிச் சூடாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

குண்டூசியை எண்ணி எடுத்து எண்ணி வைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். பஞ்சுக்குள் மறைந்துபோன குண்டூசி ஆறு மாதம் கழித்துப் போர்த்தியவரின் முதுகில் குத்தும். தைத்து முடித்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்தால் இரும்பு ஊசி இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

குழந்தைக்கும் நெருப்புக்கும் பக்கத்தில் வேண்டாம்

பேரன் பேத்திக்கு என்று ஆசையாகத் தைப்பதுதான் இந்தப் போர்வைகளில் அதிகம். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது மேலே பஞ்சுப் போர்வையோ, பக்கத்தில் மெத்தென்ற தலையணையோ வைக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் இதையே வலியுறுத்துகிறது. முகத்தில் விழுந்தால் அதைத் தள்ளிவிடக் குழந்தைக்குத் தெரியாது, மூச்சு முட்டலாம். குளிருக்கு உடம்போடு ஒட்டிய பருத்தி உடுப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம். தைத்த போர்வை முதல் பிறந்தநாள் வரை பீரோவில் இருக்கட்டும்.

இலவம் பஞ்சு சீக்கிரம் தீப்பிடிக்கும். பருத்திப் பஞ்சு வேறு விதம். மேலே தீ அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருந்து, பல மணி நேரம் கழித்து மறுபடி பற்றிக்கொள்ளும். கொசுவத்திச் சுருளும், விறகடுப்பும், ரூம் ஹீட்டரும் போர்வைக்கு அருகில் இருக்கக் கூடாது. ஒரு பொறி விழுந்தால்கூட, அணைத்துவிட்டு அப்படியே மடித்து வைக்காமல் வெளியே எடுத்துப் போய் முழுவதும் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும். போர்வை போனால் போகட்டும்.

தெரிந்தே ஒரு தவறு வைப்பார்களா?

அமெரிக்காவில் அமிஷ் சமூகப் பெண்கள், கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் ஒவ்வொரு போர்வையிலும் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தப்பாக வைப்பார்கள் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போர்வை வரலாற்றாய்வாளர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். தப்பு வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை, அது தானாகவே வரும் என்பதுதான் தைப்பவர்களின் பதில்.

அதே அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த பேண்ட், சட்டைகளை வெட்டிக் குளிருக்காகத் தைத்த போர்வைகளில் நேர்க்கோடே இருக்காது. கோணலும் மாணலுமான அந்தப் போர்வைகள் 2002-ல் அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன, 2006-ல் அமெரிக்க அஞ்சல்தலைகளாகவும் வந்தன. கோணல் தையல் வேறு, சாயம் ஓடுவது வேறு. கோணலோடு குளிர் காயலாம்.

மலைக்கு அந்தப் பக்கம்

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது சித்திலிங்கி பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-ல் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கிய இடம். அங்குள்ள லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரி வேலை கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்த நிலையில், 2006-ல் லலிதா ரெஜியின் முயற்சியில் 'பொர்கை' உருவானது. லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். மூத்த பெண்கள் சிலருக்கு மட்டுமே நினைவிருந்த தையல்களை இளைய பெண்கள் கற்றுக்கொண்டு, இன்று அது வருமானம் தரும் வேலையாக இருக்கிறது.

இதுபோலக் கையால் தைத்து விற்பவர்களுக்குச் சாயம் ஓடுவது வெறும் வருத்தம் இல்லை, கூலி. மூன்று வாரம் தைத்த போர்வை ஒரு சலவையில் கெட்டுத் திரும்பி வந்தால் அந்த மூன்று வாரமும் போச்சு, அடுத்த ஆர்டரும் போச்சு. மகளிர் சுய உதவிக் குழுவில் பல பேர் சேர்ந்து தைக்கும்போது, ஒருவர் துவைக்காமல் கொண்டுவந்த ஒரு துணி எல்லோருடைய வேலையையும் கெடுக்கும். அதனால் துணியை வெட்டும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, எல்லாத் துணியையும் ஒரே இடத்தில் துவைத்துக் காயவைத்துவிட்டுப் பிரித்துக் கொடுப்பது பாதுகாப்பு. அரை நாள் வேலைதான்.

விற்கும்போது போர்வையின் மூலையில் ஒரு சின்னத் துண்டுத் துணியில் மூன்று விஷயம் எழுதித் தைத்துவிடலாம்: உள்ளே என்ன பஞ்சு, குளிர்ந்த தண்ணீரா வெந்நீரா, முதல் இரண்டு சலவை தனியாகவா. 1958-ல் அமெரிக்காவுக்குப் போன துணியோடு போகாமல் விட்டது அந்த ஒரு வரிதான்.